அளிப்புக் கோடு இறங்கிய பிற்பகல்

இந்த உலகம் இரண்டே இரண்டு கோடுகளின் மேல் நிற்கிறது. ஆட்சிகள் வரும், போகும். ஏரி நிறையும், வற்றும். முகத்துவாரம் மணல் மூடும், மறுபடி திறக்கும். ஆனால் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் ஆதி நாளிலிருந்து அசையாமல் நிற்கின்றன. அவற்றை அறிந்தவனை எந்த வியாபாரியும் ஏமாற்ற முடியாது. தோணிரேவு துளசிங்கம் இதை இருபத்தாறு வருஷமாக ஏலக் கொட்டகையிலும் டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் சொல்லிவருகிறார். அந்த இரண்டில் எந்தக் கோடு எந்தப் பக்கம் போகும் என்பது மட்டும் அவருக்கு மறந்துவிட்டது.

மறந்துவிட்டது என்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் அவர் கோட்டைவிட்ட ஒரே பாடம் பொருளியல். ஆனால் பழவேற்காடு ஏரிக்கரையில் அந்தக் காலத்தில் பிளஸ் டூ வரை போனவர்களே நாலைந்து பேர். போனவர் பாஸா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததை அவரும் சொல்லவில்லை. அப்படியே 'எக்னாமிக்ஸ் துளசிங்கம்' என்று பெயர் விழுந்து, ஏலம் விடுகிற வேலையும் அவர் கைக்கு வந்துவிட்டது.

மீன் கூடையைச் சுற்றி வியாபாரிகள் நிற்க, அவர் விலை கூவுவார். மூன்றாம் கூவலுக்கு மேல் கேட்பவர் இல்லையென்றால் கூடையின் விளிம்பில் உள்ளங்கையால் மூன்று தட்டு தட்டுவார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு விலை போதவில்லை, மீன் சோடை, காது கேட்கவில்லை என்று யார் சொன்னாலும் செல்லாது. தட்டியவரே சொன்னாலும் செல்லாது. ஒருமுறை ஈ விரட்டப்போய் ஒரு கூடை வெள்ளை இறால் பாதி விலைக்குப் போய்விட்டது. அதுவும் செல்லும் என்றுதான் ஊர் கூடி முடிவு செய்தது. அன்றிலிருந்து அவர் ஈயை வாயால் ஊதித்தான் விரட்டுகிறார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மோகன்குமார் வந்து சேர்ந்தான். மீனவர் சங்கத்தின் புதுப் பொருளாளர். பி.காம். அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பவன்போல நடப்பான். புது ஏலக்கூடம் வரப்போகிறது, அதன் வாசலில் நிர்வாகிகள் பெயர்ப்பலகை வைக்க வேண்டும், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் படிப்பு எழுத வேண்டும் என்று அவன்தான் யோசனை சொன்னான்.

"எல்லாரும் சர்டிபிகேட் ஜெராக்ஸ் ஒண்ணு குட்த்துடுங்க. உங்களுதுதான் அண்ணே மொத மொத வேணும். நீங்கதான எக்னாமிக்ஸு."

ஏலக்கூடம் அரசாங்க வேலை என்பதால் துளசிங்கத்துக்கு மூன்று வருஷ அவகாசம் கிடைத்தது. அந்த மூன்று வருஷத்தில் அவர் யாருக்கும் தெரியாமல் தனித்தேர்வராகப் பணம் கட்டினார். பழைய பாடத்திட்டம் எப்போதோ செத்துவிட்டது, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்றார்கள். எழுதினார். தமிழ் தாண்டினார், வரலாறு தாண்டினார், ஆங்கிலத்தைக்கூட எப்படியோ தாண்டினார். பிளஸ் டூவின் ஆறு பாடங்களும் முடிந்துவிட்டன. பாக்கி ஒன்றே ஒன்று. பிளஸ் ஒன் பொருளியல். அதில் இரண்டு தடவை மூழ்கியாயிற்று. இது மூன்றாவது. ஜூன் மாதம் கூடம் திறப்பு.

பரீட்சை மையம் கும்மிடிப்பூண்டியில். பரீட்சைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அவர் வீட்டில் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே: "எளாவூர் செக்போஸ்ட்ல மீன் வண்டிய மடக்கிட்டானுங்க." மூன்று வருஷத்தில் வண்டி பதினாறு முறை மடக்கப்பட்டிருந்தது. அவர் மனைவி வேலம்மா அந்தச் செக்போஸ்ட் போலீஸ்காரர்களுக்குத் தினம் விளக்கு வைத்த கையோடு சாபம் கொடுத்துவந்தாள்.

இதில் வேடிக்கை, மகள் கலைவாணியும் இந்த வருஷம் பிளஸ் ஒன். பழவேற்காட்டில் படிக்கிறாள். அவள் எழுதப்போவதும் அதே நாளில் அதே பரீட்சை, அதே கேள்வித்தாள்.

அன்று மார்ச் மாதத்துப் பிற்பகல். ஏரியில் எந்த இடத்தில் எந்த வகையறா எந்த நாள் வலை கட்டலாம் என்பது முறைவைத்து வரும். அதற்குப் பாடு என்று பெயர். அன்று துளசிங்கத்தின் வகையறாவுக்குப் பாடு இல்லை. படகு சும்மா கிடந்தது. வீட்டில் டிவியும் கருவாட்டு ஈயும் போட்டிபோட்டுக் கத்தியதால், கலைவாணி புத்தகத்தை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து, கழியில் கட்டியிருந்த படகில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் துளசிங்கமும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"இன்னா நைனா? எங்க வர?"

"நாளைக்குப் பரீட்ச இல்ல? நான் கேள்வி கேக்கறேன். நீ பதில் சொல்லு. நம்ம பாடமாச்சே, சும்மா வுடலாமா?"

கலைவாணி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பதினேழு வருஷத்தில் அவர் அவளை ஒரு கேள்வியும் கேட்டதில்லை, சோறு தின்றாயா என்பதைத் தவிர.

"சரி, ஏறு. அந்தாண்ட ஒக்காரு, இல்லாங்காட்டி கவுந்துரும்."

ஏறினார். வயிறு ஏறியதும் படகு ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது. பிறகு தென்றலுக்குத் தலையாட்டிக்கொண்டு கழியைச் சுற்றி மெல்ல நகர ஆரம்பித்தது. கரை கொஞ்சம் தெரியும். அப்புறம் கலங்கரை விளக்கு. அப்புறம் வெறும் தண்ணீர். தூரத்தில் பூநாரைகள் ரோஸ் நிறத்தில், யாரோ துணி துவைத்து ஏரிமேல் உலர்த்தியதுபோல. அப்புறம் மறுபடி கரை. ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம் ஆனது. வெயில் தண்ணீரில் விழுந்து அங்கேயே தூங்கிவிட்டது.

துளசிங்கம் புத்தகத்தைக் கையில் வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"தேவை விதின்னா இன்னா?"

"இதுகூடவா? மற்றவை மாறாதிருக்கும்போது, விலை குறைஞ்சா தேவை கூடும், விலை கூடினா தேவை குறையும்."

துளசிங்கம் கண்ணை மூடி, உதடு அசையாமல் அதை உள்ளே ஒருமுறை சொல்லிப்பார்த்தார். பதிந்துவிட்டது. படகின் விளிம்பில் உள்ளங்கையால் மூன்று தட்டு தட்டினார். கைப்பழக்கம்.

"ஷோக்கா சொன்ன. இன்னொரு தபா சொல்லு."

"எதுக்கு?"

"மனசுல நிக்கணும் இல்ல? உனக்கு."

சொன்னாள். அவர் அந்த முதல் இரண்டு சொற்களில் சிக்கிக்கொண்டார். மற்றவை மாறாதிருக்கும்போது. என்ன அழகான பேச்சு! இந்த ஏரியில் எது மாறாமல் இருந்திருக்கிறது? காலையில் தண்ணீர் உப்பு, மழை பெய்தால் சப்பை. இன்றைக்கு மண்டிய இறால் நாளைக்கு ஆந்திரா பக்கம் போய்விடும். காற்று நினைத்தால் திரும்பும். மற்றவை எல்லாம் மாறாமல் நின்ற ஒரு நாளை அவர் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். பூநாரை ஒற்றைக்காலைத் தூக்கியபடி நிற்கிறது, இறக்கவில்லை. அலை பாதியில் நிற்கிறது. வேலம்மா வைது முடிக்காத ஒரு சொல் வாசலில் தொங்குகிறது. சங்கக் கட்டடத்தில் மோகன்குமார் ஜெராக்ஸுக்காக நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது; அதன்மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, சௌகரியமாக இருக்கிறது என்று கண்டு, கூடுகட்டத் தொடங்குகிறது. பெயர்ப்பலகை எழுதுகிறவனின் தூரிகையில் பெயிண்ட் சொட்டாமல் நிற்கிறது. எவ்வளவு நிம்மதி! பொருளியல் இவ்வளவு இதமான படிப்பு என்று அவருக்கு யாருமே சொல்லவில்லையே.

"நைனா! தூங்கிட்டியா?"

"கேள்வி யோசிக்கறேன். ம்... கிஃபன் பண்டம்னா இன்னா?"

அவர் அதைப் புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். கிஃபன் என்பது ஏதோ மீன் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"வெல ஏறினாலும் ஏழைங்க அதையே சாஸ்தியா வாங்குவாங்க. மத்தத வாங்க துட்டு பத்தாது இல்ல? அதான்."

"பாவம்" என்றார் துளசிங்கம், மனப்பூர்வமாக. மூன்று தட்டு.

இப்படியே தேவை நெகிழ்ச்சி, நிறைவுப் பண்டம், பதிலீட்டுப் பண்டம் எல்லாம் ஒவ்வொன்றாக ஏலம் போயின. கலைவாணி சொல்வாள், அவர் கண்மூடி வாங்கி வைப்பார், தட்டுவார். சில இடங்களில் "ஹூம்" என்பார். அந்த ஹூமில் எவ்வளவோ புலமை இருந்தது. அவளுக்கே ஆச்சரியம். ஊர் சொல்வது பொய்யில்லை, நைனா சும்மா ஜம்பம் அடிக்கவில்லை என்று அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்வதை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவருக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

பிறகு அளிப்பு வந்தது.

இங்கேதான் ஒரு சங்கடம். போன மாதம் இதே படகிலிருந்து புத்தகம் ஏரிக்குள் விழுந்துவிட்டது. எடுத்து உலர்த்தியதில் தேவை எல்லாம் பிழைத்துக்கொண்டது. அளிப்பு விதி இருந்த பக்கங்கள் மட்டும் உப்புத் தண்ணீரில் ஊறி, காய்ந்து, அப்பளம்போல ஒன்றாக ஒட்டிக்கொண்டன. துளசிங்கம் நகத்தால் நெம்பினார். கால்வாசி பிரிந்தது. படம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கிழிசலும், அதன் ஓரத்தில் 'அளிப்பு' என்ற சொல்லின் பின்பாதியும் கிடைத்தன.

அவர் புத்தகத்தை மூடிவிட்டார்.

"இதுக்கெல்லாம் பொஸ்தகம் இன்னாத்துக்கு? அளிப்பு விதி சொல்லு."

கலைவாணி தண்ணீரைப் பார்த்தாள். பின்னலின் நுனியைக் கடித்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாகக் கால்வைத்து நடந்தாள்.

"மற்றவை மாறாதிருக்கும்போது... வெல ஏறினா..."

"ஆங்."

"அளிப்பு... கொறையும்."

இருபத்தாறு வருஷம் கூடைக்கு முன்னால் நின்ற மனுஷன் துளசிங்கம். வாடை அடிக்கிற மாதத்தில் முப்பது கூடை வர வேண்டிய இடத்தில் மூன்று கூடை வரும். அன்றைக்கு விலை எங்கே போகும்? தென்னைமரத்து உச்சிக்குப் போகும். இறால் மண்டுகிற நாளில் கூடை வைக்க இடம் இருக்காது. விலை தரையில் கிடக்கும், யாராவது எடுத்துக்கொண்டு போங்கள் என்று கெஞ்சும். விலை ஏறினால் சரக்கு குறைவு. இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார், கையால் தட்டியிருக்கிறார். இத்தனை நாளில் புத்தகத்தில் எழுதியிருந்த ஒரு விஷயம் அவருக்கு நேரடியாகத் தெரிந்த விஷயமாக இருந்தது இதுவே முதல் தடவை.

"கரெக்ட்டு!" என்றார். தட்டு, தட்டு, தட்டு. ஏரி முழுக்கக் கேட்டது. நாலு பூநாரைகள் எழுந்து, வேறு இடத்தில் உட்கார்ந்தன.

"நெசமாவா நைனா?"

"இன்னாடி நெசமாவா? நம்ம கொட்டாயில வந்து நின்னு பாரு. தீபாவளிக்கு முந்தின நாளு இறா இன்னா வெல? எத்தினி கூட வந்துச்சு? ரெண்டு! இதுகூடத் தெரியலன்னா அப்பறம் இன்னா எக்னாமிக்ஸ் நானு?"

கலைவாணிக்கு மூச்சு இறங்கிற்று. கிராஃப் நோட்டை மடியில் விரித்துப் படம் போட்டாள். நின்ற கோடு விலை, கிடந்த கோடு அளவு. தேவைக் கோடு இடது மேலிருந்து வலது கீழே வழுக்கி இறங்கியது. அதன் பக்கத்திலேயே அளிப்புக் கோடும், அக்காள் தங்கைபோல, அதே சாய்வில் வழுக்கி இறங்கியது. போட்டு முடித்துவிட்டுப் பென்சிலால் மூக்கைத் தேய்த்தாள்.

"நைனா, சமநிலை விலைன்னு ஒண்ணு கீதே. ரெண்டு கோடும் வெட்டிக்கற எடம். இது எங்க வெட்டிக்கும்? ரெண்டும் கம்னு ஒண்ணாவே போவுதே?"

துளசிங்கம் நோட்டைத் திருப்பிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். கோடுகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. கேள்வி நியாயமானது. அவருக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை.

படகு அப்போது வடக்கே திரும்பியிருந்தது. அந்தப் பக்கம் இன்றைக்குப் பாடு வந்தவர்கள் வலை கட்ட நட்டிருந்த கழிகள் இரண்டு வரிசையாகத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தன. நூறு கழி இந்தப் பக்கம், நூறு கழி அந்தப் பக்கம். போகப்போகச் சிறுத்து, நெருங்கி, கானல் ஆடுகிற இடத்தில் இரண்டு வரிசையும் ஒன்றாகி மறைந்தன.

"அதோ பாரு" என்றார் துளசிங்கம், கையை நீட்டி, தானே மயங்கிப்போன குரலில். "அந்த ரெண்டு வரிசயும் சேருதா இல்லியா?"

கலைவாணி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "சேருது."

"எங்க சேருது?"

"தூ...ரத்துல."

"அவ்ளோதான். கிராஃப் பேப்பர்ல எடம் பத்தல. கொஞ்சம் தள்ளிப்போனா சேரும்."

இருவரும் கொஞ்ச நேரம் அந்தத் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமநிலை விலை அங்கே, கானலுக்குள், வெள்ளியாக ஆடிக்கொண்டிருந்தது. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் கோபதாபம் இல்லாமல் அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. துளசிங்கம் படகின் விளிம்பை மூன்று முறை தட்டினார். இந்த முறை மெதுவாக.

அப்படியே சாய்ந்தவர் தூங்கிவிட்டார். கனவில் இரண்டு கோடுகள் ஆகாயத்திலிருந்து தூண்டில் நரம்புபோல இறங்கின. அவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார், கலைவாணி மற்றொன்றை. இருவரும் வழுக்கி வழுக்கி, அவசரமே இல்லாமல், கொடுவா மீன்களும் மடவைகளும் விலகி வழிவிட, ஏரிக்குள் இறங்கினார்கள். அடியில் பெயர்ப்பலகை நட்டிருந்தது. அதில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தது. கிட்டே போய்ப் படிக்கும்போது ஒரு நண்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"யோவ்!" கரையிலிருந்து வேலம்மாவின் குரல் தண்ணீரைத் தாண்டி வந்தது. "பொண்ணைப் படிக்க வுடாம அங்க இன்னா குறட்ட? பரீட்ச அவளுக்கா உனுக்கா?"

துளசிங்கம் திடுக்கிட்டு எழுந்ததில் படகு நிஜமாகவே கவிழப் பார்த்தது.

மறுநாள் காலை எளாவூரில் வண்டி பதினேழாவது முறையாக மடக்கப்பட்டது.

கும்மிடிப்பூண்டிப் பள்ளியின் வாசலில் நின்ற இளம் வாத்தியார் அவரைப் பார்த்து, "பேரன்ட்ஸ் எல்லாம் கேட்டுக்கு வெளிய நில்லுங்க சார்" என்றார். துளசிங்கம் ஹால் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். வாத்தியார் போட்டோவையும் முகத்தையும் இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள போங்க... போ... போங்க" என்றார்.

கேள்வித்தாளைத் திருப்பினார். ஐந்து மதிப்பெண் வினா: அளிப்பு விதியை வரைபடத்துடன் விளக்குக.

இரண்டு வருஷமாக இந்தப் பாடத்தில் அவர் எழுதிய விடைத்தாள்களில் வெள்ளை அதிகம், மை குறைவு. இந்த முறை பேனா ஓடியது. விலை ஏறினால் அளிப்பு குறையும் என்று எழுதினார். வாடைக்காற்றை எழுதினார். தீபாவளியை எழுதினார். பாடு முறையால் அளிப்பு எப்படிக் கட்டுப்படும் என்று ஒரு முழுப் பத்தி எழுதினார். அது புத்தகத்தில் இல்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும், அதனால் திருத்துகிறவர் அசந்துபோவார் என்று எதிர்பார்த்தார். கேட்காமலேயே சமநிலையையும் சேர்த்துக்கொண்டு, அடிக்கோல் வைத்து இரண்டு கோடுகளையும் கீழே இறக்கினார். கோடுகள் சேர வேண்டிய தூரம் மேஜையைத் தாண்டிப் போனது. எனவே கடைசியில் இரண்டையும் லேசாக வளைத்து, சுற்றுவலையின் வாயை இறுக்குவதுபோல ஒன்றாகக் கட்டிவிட்டார். விடையை முடித்த திருப்தியில் பெஞ்சில் மூன்று தட்டு தட்டினார். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்தபோது நாலு மணி. வெற்றி பெற்றவன் நடையில் வந்தார். வேலம்மா கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டிய வுட்டானுங்களா?"

"வுட்டான், வுட்டான். இனிமே மடக்கவே மாட்டான்."

"உம் பொண்ணு பரீட்ச எழுதிட்டு வந்ததுலேருந்து சோறு துன்னல. போட்ல போயி குந்திக்கினு கீறா. இன்னான்னு கேளு."

துளசிங்கம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தார். படகு நேற்றுப்போலவே கழியைச் சுற்றி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கலைவாணி அதில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் முதுகு தெரிந்தது, பிறகு காது, பிறகு அழுத மூக்கு.

"இன்னா கண்ணு?"

"ஒண்ணும் இல்ல, போ."

"கேள்வி கஷ்டமா?"

"எங்க கிளாஸ் ஜாக்குலின் பொஸ்தகத்துல பாத்தேன். பரீட்ச வுட்டு வெளிய வந்ததும் எல்லாரும் பாத்தாங்க. அளிப்புக் கோடு மேல ஏறுதாம் நைனா. வெல ஏறினா விக்கறவன் சாஸ்தியா கொண்டாந்து விப்பானாம். ஏறுது! நான் எறக்கிட்டு வந்துட்டேன்." அழுகை மறுபடி கிளம்பியது. "எனக்கு சரியாத் தெரியல. உன் மூஞ்சியப் பாத்துக்கினேதான் சொன்னேன். தப்பா இருந்தா சொல்லுவன்னு. நீ மூணு தட்டு தட்டிட்ட!"

துளசிங்கம் நீரில் முழங்கால் வரை நின்றார். படகின் விளிம்பு அவர் கையைத் தொட்டுவிட்டு நகர்ந்தது.

ஏறுகிறதா, ஏறுகிறதா என்று மனசு கேட்டுக்கொண்டது. ஆனால் வாய்க்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. அது வழக்கம்போலத் தயாராக நின்றது. புத்தகம் தப்பு என்று சொல்லலாம். அது பட்டணத்துக் கோடு, ஏரிக்கு வேறு கோடு என்று சொல்லலாம். எங்கள் காலத்தில் இறங்கித்தான் கொண்டிருந்தது, இப்போது மாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம். ஊர் நம்பும், மோகன்குமார்கூட அரை நிமிஷம் யோசிப்பான். மூன்றில் எதை எடுப்பது என்று பார்க்கும் நேரத்தில் படகு லேசாக ஆடித் திரும்பி, அந்த அழுத மூக்கை மறுபடி அவர் எதிரே கொண்டுவந்து நிறுத்தியது.

"அழுவாத. நான் மட்டும் இன்னா, நானும் அப்படியேதான் எழுதிட்டு வந்தேன்."

கலைவாணி விசும்புவதை நிறுத்தினாள்.

"எங்க எழுதின?"

துளசிங்கம் ஏரியைப் பார்த்தார். ஏரி உதவவில்லை.

"கும்மிடிப்பூண்டில."

"எளாவூர்னு சொன்ன?"

"போற வழிதான."

"வண்டி?"

"வண்டி இல்ல."

"மடக்கினது?"

"யாரும் மடக்கல."

அவள் விரல்விட்டு எண்ணுவது தெரிந்தது. மூன்று வருஷம், பரீட்சை மாதங்கள், செக்போஸ்ட். விரல்கள் முடிந்து மறுபடி முதல் விரலுக்கு வந்தன.

"அப்போ நீ பாஸ் பண்ணல?"

"இதுல மட்டும்."

"எக்னாமிக்ஸ்லயா!"

"கத்தாதடி. கரையில கேக்கும்."

கலைவாணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துத் துளசிங்கம் பதறிப்போய்ப் படகைப் பிடித்தார். அழவில்லை. சிரித்துச் சிரித்துப் படகின் அடியில் சரிந்துவிட்டாள்.

"அம்மா... பாவம் அந்த போலீஸ்காரனுங்க... ஒருத்தனுக்கு அம்மா சாபத்தாலயே கால் முறிஞ்சிருக்கும் நைனா..."

"சிரி, சிரி."

"நேத்து நீ எனக்குச் சொல்லிக்குடுக்க வர்லியா? எங்கிட்ட கத்துக்கினியா?"

துளசிங்கம் வேட்டி நனைந்ததைப் பார்த்துக்கொள்ளாமல் படகில் ஏறி அந்தாண்டை உட்கார்ந்தார். படகு சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது. கரை போயிற்று, கலங்கரை விளக்கு வந்து போயிற்று. பூநாரைகள் மாலை வெயிலில் நேற்றைவிடச் சிவப்பாக இருந்தன. கலைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, ரெண்டு கோட்டையும் எங்க சேத்த?"

"அடியில. வளைச்சுக் கட்டிட்டேன். நீயி?"

"நான் சேக்கல. பேப்பர்ல எடம் பத்தல, தூரத்துல சேரும்னு எழுதிட்டேன்."

துளசிங்கம் அதை யோசித்துப் பார்த்தார். "உன்னுது நல்லா கீது" என்றார். தட்டுவதற்குக் கை எழுந்தது. பாதியில் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டார்.

வேலம்மாவுக்கு இருவரும் சொல்லவில்லை. அடுத்த பரீட்சைக் காலத்துக்கு எளாவூர் தேவைப்படலாம் என்பது கலைவாணியின் யோசனை.

ஜூன் மாதம் புது ஏலக்கூடம் திறந்தது. மாலை, மேளம், மைக் எல்லாம் இருந்தன. மைக்கில் துளசிங்கம்தான் பேசினார். உலகம் இரண்டு கோடுகளின் மேல் நிற்கிறது என்று ஆரம்பித்து, முன்வரிசையில் கலைவாணியைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் நன்றி என்று முடித்தார். வாசலில் பெயர்ப்பலகை நீலத்தில் பளபளத்தது. பொருளாளர் மோகன்குமார், பி.காம். அதற்குக் கீழே ஏலம் துளசிங்கம், பிறகு ஒரு சாண் காலி இடம். பெயிண்டர் அங்கே ஒரு சின்ன மீன் வரைந்திருந்தான்.

பொருளியலில் கலைவாணி எழுபத்திரண்டு. துளசிங்கம் முப்பத்தொன்று. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும். அவர் கோட்டைவிட்ட அந்த அளிப்பு விதிக் கேள்விக்கு ஐந்து மதிப்பெண்.